பட்டினி கிடந்து சாகும் ஸ்கூட்டர் பேட்டரி

மாணவர்களே, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் பாட்டி வீட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிறீர்கள். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மா வேலைக்குக் கிளம்புகிறார். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் ‘டிக், டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. மீட்டர் விளக்கு மங்கிப் போகிறது. விடுமுறைக்கு முதல் நாள் வரை ஒழுங்காக ஓடிய வண்டி. இடையில் யாரும் அதைத் தொடவே இல்லை. பிறகு எப்படிக் கெட்டது?

யாரும் தொடாததால்தான் கெட்டது. பயன்படுத்தப் பயன்படுத்த பேட்டரி தேய்ந்துபோகும், சும்மா வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஸ்கூட்டரில் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு இது பொருந்தாது. அது உழைப்பதால் சாவதைவிட, அரை வயிறும் கால் வயிறுமாகப் பட்டினி கிடந்து சாவதே அதிகம். இதற்கான காரணம் வேதியியலில் இருக்கிறது. இந்நாட்டில் 16 வயதானால் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம் என்பதால், உங்களில் பலருக்கு இது விரைவிலேயே கைச்செலவாகவும் வரப்போகிறது. சில ஸ்கூட்டர் பேட்டரிகளின் விலை நூறு வெள்ளியைத் தாண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

“பேட்டரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டி” என்று தேர்வுத் தாளில் எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியைப் போல அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை. அங்கே இருப்பது வேதியியல் ஆற்றல்தான். கம்பியில் இணைத்து விளக்கையோ ஸ்டார்ட்டரையோ இயக்கும்போது வேதிவினை நடக்கிறது. அப்போதுதான் மின்னோட்டம் பிறக்கிறது.

இந்த வகை பேட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். இரண்டு ஈயத் தகடுகள், அவை ஒன்றோடொன்று தொடாமல் இருக்க நடுவில் ஒரு தடுப்பு, சுற்றிலும் கந்தக அமிலம். அடிப்படை அமைப்பு இன்றும் அதுதான். மின்னேற்றம் பெற்ற நிலையில் நேர்முனைத் தகட்டில் ஈய டையாக்சைடும் எதிர்முனைத் தகட்டில் தூய ஈயமும் இருக்கும். இப்படிப்பட்ட ஒரு மின்கலன் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறு மின்கலன்களைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் 12.6 வோல்ட். நாம் பேச்சுக்கு ‘12 வோல்ட் பேட்டரி’ என்கிறோம்.

பேட்டரி மின்சாரம் தரும்போது இரண்டு தகடுகளுமே அமிலத்திலுள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஈய சல்பேட்டாக மாறுகின்றன. கூடவே நீர் உண்டாகிறது. அதாவது தகடுகள் இரண்டும் ஒரே பொருளாகிக்கொண்டே வர, அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. முழுமையாக மின்னேற்றிய பேட்டரியின் அமில அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.28 கிராம். மின்னிறக்கம் ஆக ஆக அது நீரின் அடர்த்தியை நோக்கி இறங்கும். மின்னேற்றும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. ஈய சல்பேட் கரைந்து மறுபடியும் ஈயமும் ஈய டையாக்சைடும் ஆகிறது; அமிலம் பழையபடி அடர்த்தி பெறுகிறது.

சிக்கல் ஈய சல்பேட்டில்தான் இருக்கிறது. புதிதாக உண்டானபோது அது மிக நுண்ணிய படிகங்களாகத் தகட்டின் மேல் பரவியிருக்கும். உடனே மின்னேற்றினால் சுலபமாகத் திரும்பிவிடும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் அப்படியே விட்டுவிட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்கின்றன. சீனியையும் கற்கண்டையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே சர்க்கரைதான். ஆனால் சீனி காப்பியில் போட்டதும் கரைகிறது; கற்கண்டு வாயில் வெகுநேரம் கிடக்கிறது. ஈய சல்பேட்டும் ‘கற்கண்டு’ ஆகிவிட்டால் மின்னேற்றி என்ன முயன்றாலும் முழுதாகக் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் பயனற்றுப் போகிறது. இதைத்தான் சல்பேட் படிதல் என்கிறார்கள். நான் பட்டினி என்று சொன்னது இதைத்தான்.

நின்ற வண்டியில் மின்சாரத்தைத் தின்பது யார்?

சாவியை எடுத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் திருட்டுக்குப் பயந்து பலர் அலாரம் பொருத்துகிறார்கள். சிலர் வண்டி இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டும் கருவியும் வைக்கிறார்கள். இவை தூங்குவதே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலாரம் 10 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரில் உள்ளது 5 ஆம்பியர்-மணி பேட்டரி. அது 5,000 மில்லிஆம்பியர்-மணி. பத்தால் வகுத்தால் 500 மணி நேரம். 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 நாள். அதாவது நீங்கள் பாட்டி வீட்டில் இருந்த அதே மூன்று வாரம்!

அலாரமே இல்லாவிட்டாலும் பேட்டரி தனக்குள்ளேயே மெல்ல மின்னிறக்கம் அடையும். வெப்பம் கூடினால் இது இன்னும் வேகமாக நடக்கும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று படித்திருப்பீர்கள். தகடு அரிக்கப்படுவதும் ஒரு வேதிவினைதான். குளிர்நாட்டு மக்கள் குளிர்காலத்தில் பேட்டரி மக்கர் செய்வதைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. வெப்பத்தால் வினை வேகமாக நடப்பதால் நலிந்த பேட்டரிகூடச் சமாளித்து வண்டியைக் கிளப்பிவிடும்; ஆனால் அதே வெப்பம் அதன் ஆயுளையும் குறைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் நின்றுவிடும். வண்டியை வெயிலில் விடாமல் நிழலில் நிறுத்தச் சொல்வது இருக்கைத் தோலுக்காக மட்டுமல்ல.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நீங்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். வாரக் கணக்கில் நகராமல் நின்ற உங்கள் வீட்டு வண்டி அப்போது என்ன ஆனது என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, தினமும் ஓட்டினால் கவலை இல்லையா? எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்டார்ட்டர் 50 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு விநாடி எடுத்தால் செலவாகும் மின்னூட்டம் 50 கூலும். 5 ஆம்பியர்-மணி என்பது 18,000 கூலும். எனவே வண்டியைக் கிளப்புவது பேட்டரிக்குப் பெரிய செலவே அல்ல. சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பி வந்துவிடும். ஆனால் நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டே ஓட்ட வேண்டும். அதோடு பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு, கைப்பேசி மின்னேற்றி எல்லாம் சேர்கின்றன. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அது உண்டாக்கும் மின்சாரமும் குறைவு. தெருமுனைக் கடைக்கு இரண்டு நிமிடம், திரும்ப இரண்டு நிமிடம், நடுவில் விளக்கைப் போட்டபடி அரட்டை. இப்படியே மாதக் கணக்கில் ஓடும் வண்டியின் பேட்டரி ஒருநாளும் முழு வயிறு சாப்பிடாது. வாரத்தில் ஒருமுறையாவது அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது அதற்கு நல்ல சாப்பாடு. வாசலில் நிறுத்தியபடி ஐந்து நிமிடம் என்ஜினை முடுக்கிவிட்டு அணைப்பதில் பெரிய பயன் இல்லை, பெட்ரோல்தான் வீண்.

மூன்று அளவீடுகள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் மல்டிமீட்டரே இதற்குப் போதும். நேர் மின்னோட்டத்துக்கான 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் தொடுங்கள். மீட்டரின் குமிழி ஆம்பியர் பகுதியில் இருக்கக் கூடாது. இருந்தால் மீட்டர் வழியாகவே குறுக்குச்சுற்று ஏற்படும்.

முதல் அளவீட்டை வண்டி பல மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு எடுக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் பொய்யான உயர்ந்த எண் காட்டும். 12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு நிரப்பம். 12.4 என்றால் மின்னேற்றும் நேரம் வந்துவிட்டது. 12.0 என்றால் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம். இங்கே கவனியுங்கள்: பெயரில் ‘12 வோல்ட்’ என்று இருப்பதால் 12.0 காட்டினால் நலமாக இருக்கிறது என்று பலர் ஏமாந்து போகிறார்கள். நன்றாக மின்னேற்றிய பிறகும் 10.5-ஐ ஒட்டியே நின்றால் 12.6-இலிருந்து 2.1-ஐக் கழித்துப் பாருங்கள். ஆறில் ஒரு மின்கலன் செத்திருக்கக்கூடும் என்று எண்ணே சொல்கிறது.

இரண்டாவதை ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தும் அந்த விநாடியில் பார்க்க வேண்டும். ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் அகத்தடை இங்கேதான் உயிர் பெறுகிறது. முனைகளில் கிடைக்கும் மின்னழுத்தம் என்பது மின்னியக்கு விசையிலிருந்து, மின்னோட்டத்தையும் அகத்தடையையும் பெருக்கி வருவதைக் கழித்தது. எடுத்துக்காட்டாக, நல்ல பேட்டரியின் அகத்தடை 0.03 ஓம் என்று கொள்வோம். 50 ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.5 வோல்ட், 12.6-இல் 11.1 கிடைக்கும். வண்டி கிளம்பும். சல்பேட் படிந்து அகத்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் அதே மின்னோட்டத்துக்கு இழப்பு 5 வோல்ட், மிஞ்சுவது 7.6 மட்டும். ஓய்வில் 12.6 காட்டிய அதே பேட்டரிதான்!

அந்த ‘டிக், டிக்’ சத்தத்துக்கும் இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது. பொத்தானை அழுத்தியதும் ரிலே என்னும் மின்காந்தச் சாவி மூடுகிறது, ஒரு டிக். ஸ்டார்ட்டர் மின்னோட்டத்தை இழுத்ததும் மின்னழுத்தம் சரிகிறது; மின்காந்தம் பலமிழந்து சாவி திறந்துகொள்கிறது. சுமை நீங்கியதால் மின்னழுத்தம் ஏறுகிறது, சாவி மறுபடி மூடுகிறது, இன்னொரு டிக்.

மூன்றாவது அளவீடு என்ஜின் ஓடும்போது. ஓரளவு முடுக்கினால் 14 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-க்கும் கீழேயே நின்றால் வண்டி பேட்டரிக்குச் சோறு போடவில்லை என்று பொருள். 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறித் திணிக்கிறது. இரண்டிலும் கோளாறு பெரும்பாலும் மின்னேற்றச் சுற்றில், குறிப்பாக மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் இருக்கும். இந்த ஓர் அளவீட்டை எடுக்காமல் புது பேட்டரி மாட்டுவது என் கணக்கில் காசை வீணாக்குவது. கோளாறு அப்படியே இருந்தால் புதியதும் சில மாதங்களில் பழையதைப் போல ஆகிவிடும்.

அளப்பதற்கு முன்பு முனைகளையும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால் அதுவும் ஒரு தடைதான். கம்பிகளைக் கழற்றிவிட்டு, சமையல் சோடாவை நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும். நுரைப்பது கார்பன் டையாக்சைடு. துடைத்துக் காயவிட்டு, கம்பிகளை மாட்டி, மேலே சிறிது வாசலின் தடவினால் மறுபடி அரிக்காது.

மின்னேற்றும்போது

12.6 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஒன்றும் ஏறாது. மேட்டிலுள்ள தொட்டிக்கு நீரேற்றுவதுபோல அதைவிட உயர்ந்த அழுத்தம் வேண்டும். அதனால்தான் 14-ஐ ஒட்டிய எண். மின்னோட்டத்துக்கு எளிய விதி ஒன்று உண்டு: ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.5 ஆம்பியர். எவ்வளவு காலியாகியிருக்கிறது என்பதற்கேற்ப ஐந்து முதல் பத்து மணி நேரம் ஆகும். பல பேட்டரிகளின் மேலேயே இந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். மாமாவின் கார் மின்னேற்றியை இரவல் வாங்கி 5 ஆம்பியரில் போட்டால் விரைவாக முடியும் என்ற எண்ணம் வேண்டாம். தகடுகள் ஏற்றுக்கொள்ளும் வேகத்தைத் தாண்டிய மின்சாரம் நீரைப் பகுக்கத் தொடங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும்.

இன்றைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் மூடிய வகை பேட்டரிதான். அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும். உண்டாகும் ஆக்சிஜன் பஞ்சின் இடைவெளி வழியாக எதிர்முனைத் தகட்டுக்குப் போய் மறுபடி நீராகிவிடும். மெதுவாக மின்னேற்றினால் இந்தச் சுழற்சி ஈடுகொடுக்கும். வேகமாகத் திணித்தால் வாயு வால்வு வழியே வெளியேறிவிடும். இழந்த நீரை மறுபடி ஊற்ற வழியில்லை. ஆகவே மூடியை நெம்பித் திறக்கவே கூடாது. பழைய வண்டிகளில் உள்ள மூடி திறக்கும் வகையில் நீர் மட்டம் கீழ்க்கோட்டை நெருங்கினால் வடிநீர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய் நீரில் கரைந்துள்ள தாதுக்கள் தகடுகளைக் கெடுக்கும். அமிலமும் ஊற்றக் கூடாது. ஆவியாகவும் வாயுவாகவும் போனது நீர்தான், அமிலம் அல்ல.

காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும். எனவே காற்றோட்டமான இடத்தில் மின்னேற்றுங்கள். பக்கத்தில் சிகரெட்டோ சாமி விளக்கோ இருக்கக் கூடாது. கவ்விகளை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். பொறி பறப்பது கவ்வியில்தான். பேட்டரி அமிலத்தின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் தொடர்ந்து பல நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சோடா கரைசல் உலோக முனைக்குத்தான், கண்ணுக்கு அல்ல. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தள்ளி ஓட்டலாமா, மாற்றலாமா?

‘கப்சாய்’ மோட்டாரை இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளிக் கிளப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கூட்டரில் அது நடக்காது. அதன் கிளட்ச் மையவிலக்கு விசையால் இயங்குவது. என்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் பிடிக்கும். சக்கரத்தைத் தள்ளினால் என்ஜினுக்குச் செய்தியே போகாது. மிதித்துக் கிளப்பும் வசதி இருந்தாலும், எரிபொருள் ஊசி அமைப்புள்ள வண்டியில் எரிபொருள் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும்.

நம் வெப்பத்தில் ஒரு பேட்டரி இரண்டு மூன்று ஆண்டு தாங்கினால் நல்ல உழைப்புதான். மாற்ற முடிவு செய்துவிட்டால், அதே ஆம்பியர்-மணி, அதே உடலளவு, நேர்முனை அதே பக்கம் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எடை குறைந்த லித்தியம் வகையும் விற்கிறார்கள். அதற்கு மின்னேற்றி வேறு. வண்டியின் மின்னேற்றச் சுற்றும் ஒத்துப்போக வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் வண்டிக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. கடையில் அப்போதுதான் அமிலம் ஊற்றித் தந்த பேட்டரியில் முழு நிரப்பம் இருக்காது. மாட்டும் முன் ஒருமுறை மெதுவாக மின்னேற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். இது வெறும் வழக்கம் அல்ல. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை சட்டத்தில் பட்டுவிட்டால் ஸ்பேனர் வழியாகக் குறுக்குச்சுற்று! அகத்தடை 0.03 ஓம் என்றால் எத்தனை ஆம்பியர் பாயும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். எதிர்முனையைக் கழற்றிவிட்டால் சட்டத்துக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். விடுமுறைக்கு வெளியூர் போகும்போது எதிர்முனைக் கம்பியை மட்டும் கழற்றி வைத்துவிட்டால் அலாரம் தின்னும் அந்த 10 மில்லிஆம்பியரும் நின்றுவிடும். அலாரம் வேலை செய்யாது என்பதால் வண்டியைக் கேட்டுக்குள் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உடைத்துப் பார்க்கவும் கூடாது. ஈயம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சு. வளரும் குழந்தைகளின் மூளைக்குக் கூடுதல் கேடு. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் ஈய-அமில பேட்டரிக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ 102 என்று தனிக் குறியீடே இருக்கிறது. அந்த ஈயத்தை உருக்கி மறுபடியும் பேட்டரித் தகடு செய்யலாம் என்பதால் பழையதற்கும் ஒரு விலை உண்டு. புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கொண்டுபோகும்போது இரண்டு முனைகளிலும் ஒட்டுநாடா ஒட்டி, சாயாமல் நிமிர்த்தி வைத்துக் கொண்டு செல்லுங்கள்.